சோத்தாங்கை வசம்பு

பக்கத்து வீட்டில் வசம்பு சுடுகிறார்கள். விளக்கெண்ணெயில் தோய்த்துச் சுடரில் காட்டும்போது எழும் அந்தக் கசப்பும் காரமும் சுவரைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, நான் எழுதிக்கொண்டிருந்த வரியையும் தாண்டி வந்து மூக்கில் உட்கார்ந்துகொண்டது. புதுக் குழந்தை வந்த வீடு. நல்ல வாசனை என்றுதான் ஊர் சொல்லும். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். திறந்தேன். மறுபடி சாத்தினேன்.

என் தங்கைக்குத் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று வளைகாப்பு முடித்து உத்திரமேரூருக்கு அழைத்துவந்தோம். அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில் மூத்தவள் நான்தானே. மானாம்பதியிலிருந்து அவள் வீட்டுக்காரர் லீவு கிடைத்த நாளெல்லாம் பைக்கில் வந்துவிடுவார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. வண்டியை நிறுத்தும்போதே அவர் கையில் ஒரு பை தொங்கும். அவித்த வேர்க்கடலையோ கொய்யாவோ இருக்கும். சொந்த மாமன் மகன் என்பதால் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே அவர் மாமாதான், கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வாயில் வரும். "இன்னாமே, உள்ள கீறவன் தூங்கறானா, லீவு போட்டுக்கினு உக்காந்துகீறானா?" என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பார். அவள் அடிப்பாள். அந்த வீட்டில் அப்போது சிரிப்புக்குப் பஞ்சமில்லை.

பிரசவத்துக்கு டவுனில் ஒரு நர்சிங் ஹோம். அங்கே இருந்த டாக்டரம்மாவைச் சுற்றுவட்டாரமே கைராசிக்காரி என்றது. அந்த அம்மா கையில் பிறந்த பெண்கள் அதே அம்மா கையில் பெற்றுக்கொள்ளப் போனார்கள். வேறெங்கே போவது என்று ஒருவரும் யோசித்ததில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. கடைசி மாசங்களில் அவளுக்கு எப்போது பார்த்தாலும் தாகம். வயிறு ஊருக்கு முன்னால் போயிற்று. சர்க்கரை பார்க்கவில்லையா என்று கேட்டதற்கு, கொழுகொழுன்னு புள்ள வேணாமா என்று அந்த அம்மா சிரித்ததாகத் தங்கை வந்து சொன்னாள்.

பெரிய குழந்தை. நாலு கிலோவுக்கு மேலே. பார்க்க வந்தவர்களெல்லாம் தூக்கிப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டை என்றார்கள். பெற்ற கதையைத் தங்கை முதல் தடவை சொன்னபோது அதுவும் ஒரு வேடிக்கை மாதிரிதான் வந்தது: தலை வந்துவிட்டதாம், அப்புறம் அப்படியே நின்றுவிட்டதாம், ஒரு நர்ஸ் ஸ்டூல் மேலே ஏறி முழங்கையால் வயிற்றை அமுக்கினாளாம், டாக்டரம்மா தலையைப் பிடித்து இழுத்தாராம், "வர மாட்டேன்னு அடம் புடிக்கிறான் பாரு" என்றாராம். நாங்கள் சிரித்தோம். ஐயோ, சிரித்தோம்.

வலது கை அசையவில்லை என்பதை அன்றைக்கே பார்த்தோம். உள்ளங்கை பின்னால் திரும்பி, உடம்போடு ஒட்டி, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது. கேட்டதற்கு, சுளுக்கு மாதிரிதான், தானா சரியாயிடும் என்றார்கள். அந்த அம்மாவே சொன்ன பிறகு என்ன? அவர் வாய்ச்சொல்லே பாதி மருந்து.

பேர் வைக்கிற அன்று கறுப்புக் கயிற்றில் வசம்புத் துண்டுகளைக் கோர்த்து இரண்டு மணிக்கட்டிலும் கட்டினோம். கட்டுவது எதற்கென்று பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தெரியும். குழந்தை கையை வாய்க்குக் கொண்டுபோகும், சப்பும், அந்தக் காரம் வயிற்றுக்குள் போய் உப்புசத்தை அடக்கும். வாரங்கள் போயின. குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், கயிறு நைந்திருக்கிறதே, மாற்றலாம் என்று அவன் கைகளைப் பிடித்தேன். இடது கை வசம்பு எச்சிலில் ஊறி, வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தது. வலது கை வசம்பு கடையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பல்லில்லாத அந்த வாய் அதைத் தொடவே இல்லை. இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தங்கையும் பார்த்தாள். துண்டு கீழே விழுந்தது.

அன்று சாயந்திரம் மாமா வந்தார். வசம்பைக் காட்டினோம். அவர் யாரையும் திட்டவில்லை. மறுநாள் விடிந்ததும் பிள்ளையைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் எலும்பு கட்டுகிறவரிடம் போய்விட்டார். இங்கே கைகால் பிசகினால் மாட்டுக்கும் மனுசனுக்கும் அங்கேதான். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, துணி சுற்றிக் கட்டினார்கள். பிள்ளை கதறியதில் தான் வெளியே போய் நின்று அழுததாக மாமா சொன்னார். கட்டு காய்ந்து இறுகும், மறுபடி போவார், மறுபடி கட்டுவார்கள். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு போட்டுப் போனார். அவ்வளவு ஆசையாக, அவ்வளவு தவறாக. உடைந்தது எலும்பு என்றுதானே நினைத்தோம்.

கட்டுப் பிரித்த கை, கட்டுவதற்கு முன்பு இருந்ததைவிடச் சூம்பிப் போயிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளை உட்கார ஆரம்பித்துவிட்டான். அங்கே ஒரு இளம் டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கழுத்தைத் தொட்டார். "பிரசவத்துல தலைய இழுத்தாங்களா?" என்று கேட்டார். தங்கை அந்த ஸ்டூல் கதையை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அது வேடிக்கையாக வரவில்லை. தோள் உள்ளே மாட்டிக்கொண்டால் வயிற்றை மேலிருந்து அமுக்கவும் கூடாது, தலையைப் பிடித்து இழுக்கவும் கூடாது, தோளை விடுவிக்க வேறு முறைகள் இருக்கின்றன, இழுத்த இழுப்பில் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்பு அறுந்திருக்கிறது என்று அவர் படம் போட்டு விளக்கினார். இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். இரண்டு வாக்கியம். தங்கைக்கு முதல் வாக்கியம் கேட்டது. மாமாவுக்கு இரண்டாவது.

அதற்குள் ஊர் தன் காரணத்தைச் சொல்லி முடித்திருந்தது. கிரகணத்தன்று இவள் வெளியே வந்திருப்பாள். வந்து எதையாவது அரிந்திருப்பாள். கோயிலில், ரேஷன் கடையில், எங்கே நின்றாலும் ஒருத்தி கேட்பாள். தங்கை அன்று நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள், அருகம்புல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு. அதைச் சொன்னாலும் யார் நம்பினார்கள்? ஒரு கல்யாணப் பந்தியில் பிள்ளை இடது கையால் வடையை எடுத்தபோது, எதிர் இலைப் பெரியவர், "சோத்தாங்கையில துன்னுடா நைனா, பீச்சாங்கையில துன்னக்கூடாது" என்று செல்லமாகத்தான் சொன்னார். பிள்ளை இடது கையால் வலது கையைத் தூக்கி இலையில் வைத்தான். அது அங்கேயே கிடந்தது. தங்கை பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள், காசு எதுவும் வேண்டாம், அந்தம்மா இழுத்ததாலதான்னு ஒருத்தர் சொல்லணும்க்கா, என்னாலன்னு சொல்லாம.

அப்படித்தான் செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மாவிடம் போய்ச் சேர்ந்தோம். இதற்கெல்லாம் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாம் என்பதே எங்களுக்குப் புதுசு. இரண்டு வருசத்துக்குள் போடவேண்டும், நாளைக் கடத்தாதீர்கள் என்றார். நர்சிங் ஹோமில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார், கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். வாங்கினோம். அதில் சுகப்பிரசவம் என்று மட்டும்தான் இருந்தது. தங்கை அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கேஸ் போட்ட சேதி ஊருக்குள் வந்ததுமே எங்களோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். கைராசிக்காரம்மா மேலேயே கேஸா? அவர் கையில் பிறந்த எத்தனை பேர் குத்துக்கல் மாதிரி நிற்கிறார்கள். உண்மைதான். நிற்கிறார்கள்.

எதிர்த்தரப்பு பதில் வந்த அன்று வக்கீலம்மா எங்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். பிரசவத்தில் எந்தக் குறையும் இல்லை. பெற்றோர் குழந்தையைப் படிக்காத ஆளிடம் கொண்டுபோய்க் கட்டுப் போட்டார்கள். கை பழுதானது அதனால்தான். மாமா எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். கட்டவே இல்லை என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார். வக்கீலம்மா அதற்கு ஒப்பவில்லை. கட்டியதை மறைத்து, பின்னால் அவர்கள் நிரூபித்துவிட்டால் மிச்சம் சொன்னதையும் நம்பமாட்டார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுங்கள், கட்டுக்கு முன்னாலேயே கை அப்படித்தான் இருந்தது என்பதற்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்றார்.

இருந்தது. பேர் வைத்த அன்று எடுத்த வீடியோ. தொட்டிலில் பிள்ளை, சுற்றிலும் வளையல் கைகள், இடது கை காற்றைப் பிடித்து இழுக்கிறது, வலது கை துணி மேல் அசையாமல். வக்கீலம்மா அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார், இது போதும் என்றார். அந்த வீடியோவில் தொட்டிலுக்குப் பின்னால் மாமா நின்று வாய் நிறையச் சிரிக்கிறார். அவர் அதைப் பார்க்க மறுத்துவிட்டார்.

கட்டுப் போடக் கூட்டிப்போனது நான்தான் என்று அவர் கையெழுத்துப் போடவேண்டும். அது மட்டும்தான் மிச்சம். டாக்டர் சொன்னதை நாங்கள் எத்தனை விதமாகச் சொல்லியும் பார்த்தோம்: நரம்பு அறுந்தது அங்கே, காலம் போனது மட்டும்தான் இங்கே, அதுவும் சுளுக்கு என்று அவர்கள் சொன்னதை நம்பியதால். தலையை ஆட்டுவார். ராவெல்லாம் பிள்ளையின் கையை நீவிக்கொண்டே இருப்பார் என்று தங்கை சொன்னாள். ஒருநாள் போய்க் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வந்து, கம்பெனி பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்கப்போவதாகச் சொன்னார். எவ்வளவு நாளைக்கு என்று சொல்லவில்லை. கேஸ் இன்னும் வாய்தாவில் இருக்கிறது. சம்பளத்தில் பாதி மாசாமாசம் வந்துவிடுகிறது. அவர் வரவில்லை.

அவர் கிளம்பிப்போன அன்று வெயில் ஏறிய நேரம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பக் காத்திருந்தது. நான் தள்ளி நின்றேன். ஆனாலும் காதில் விழுந்தது. பிள்ளை தங்கையின் இடுப்பில் இருந்தான். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து அவனைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"பெரியவனானா கேப்பான்மே. என் கை ஏன் இப்படி கீதுன்னு கேப்பான். இன்னா சொல்லுவ?"

"நடந்தத சொல்லுவேன் மாமா. அந்தம்மா இழுத்ததையும் சொல்லுவேன், நீ தூக்கிக்கினு ஓடுனதையும் சொல்லுவேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது. மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்தார்.

"மொதல்ல எத சொல்லுவ?"