சென்னம்மாள் பாடாத ஒப்பாரி

பிணம் இல்லாத சாவுக்கு அழக்கூடாது என்று உங்களிடம் எந்தக் கடவுள் வந்து சொன்னார்?

சென்னம்மாளிடம் ஊர் சொன்னது. கம்பைநல்லூர்ச் சேரியில் பிறந்த அவள் ஒப்பாரி பாடுகிறவள். பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் ஆள்விட்டு அழைப்பார்கள். மறுநாள் அதே தெருவில் அவள் செருப்போடு நடந்தால் அடிப்பார்கள். மழை பொய்த்த ஒரு வருஷம் கணவன் மாயவனோடு பர்மாவுக்குப் போய் அரிசி ஆலையில் கூலி வேலை பார்த்தாள். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஊர் திரும்ப மலைவழியாக நடந்தார்கள். மாயவன் காலராவில் செத்தான். காய்ச்சலில் துவண்ட மகள் சின்னபொண்ணை, நோயாளிகளை ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்றில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். வழியிலிருந்த அடுத்த அகதி முகாமுக்கு அவள் வந்து சேர்ந்தாள். வண்டி வரவில்லை.

சண்டை முடிந்த மறுவருஷமும் சென்னம்மாளும் மற்ற பர்மா அகதிகளும் கம்பைநல்லூர் ஊர்க்கோடிக் கடலைக் கிடங்கில்தான் கிடந்தார்கள். ஒருவரும் தங்கள் சாவுகளுக்கு அழுதிருக்கவில்லை. சோறு போடும்போது இல்லாத ஆளுக்கும் சேர்த்து வட்டில் வைத்தார்கள். ஒரு மத்தியானம் சென்னம்மாள் கேழ்வரகுத் தாளை ஆள் நீளத்துக்குப் பிணம்போலக் கட்டிக் கிடத்தி, மேலே துணி போர்த்தினாள்.

மணியக்காரர் வெங்கடாசலம் ஓடி வந்தார். "பொணமில்லாம ஒப்பாரியா? ஊருக்கு ஆவாதுடி. மழை போயிரும்!"

"மழை அப்பவே போயிருச்சுங்க. இல்லாட்டி நாங்க எதுக்கு பர்மாவுக்குப் போறோம்?" என்றாள் அகதி ராமக்கா. கிடங்கே சிரித்தது.

"பொணந்தான வேணும்?" என்றாள் சென்னம்மாள். "நாங்க நடந்து வந்த வழி நெடுக கெடக்குது. போயி எடுத்துட்டு வாங்க, சாமி."

அவர் போய்விட்டார்.

செத்தவர் பேரைச் சொல்லித்தான் ஒப்பாரி எடுக்க வேண்டும். ஒவ்வொருத்தியாக வந்து பேர் சொன்னார்கள். காளியன். காசியம்மாள். பேர் வைக்காத ஒரு கைக்குழந்தை. எல்லாப் பேரையும் சென்னம்மாள் பாட்டாக்கினாள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கணவன் பேரைச் சொல்லக்கூடாத வாயால் "மாயவா" என்று கூவித் தன் புருஷனையும் பாடினாள்.

"உம் மவ பேரச் சொல்லுக்கா," என்றாள் ராமக்கா.

சென்னம்மாள் பாட்டை நிறுத்தினாள்.

"வண்டியிலதானடி ஏத்துனேன்? செத்தத நான் பாக்கலியே. பேரச் சொன்னா நானே கொன்னாப்பல ஆயிரும்."

சொல் யாரையும் கொல்வதில்லை. ஆனால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த அறிவாளிக்கும் வாய் வராது.

இன்றைக்கும் மாட்டுவண்டிச் சத்தம் கேட்டால் சாலைக்கு ஓடுகிறாள். குனிந்து உள்ளே பார்க்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்று பூசாரி வேப்பிலையால் அடிக்கிறார். பேயுமில்லை, பிசாசுமில்லை. மகள் இருக்கிறாளா செத்தாளா என்று தெரியாத ஒரு தாய், அவ்வளவுதான்.

பர்மாவிலிருந்து அந்த வழியாக நடந்து வந்தவர்களே, இதை எழுத்தறியாத உங்கள் கூட்டத்தாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். பேர் சின்னபொண்ணு. அப்போது ஆறு வயது. இடது புருவத்தில் தழும்பு. அவளைப் பார்த்தவர் யாராக இருந்தாலும், பிழைத்தாள் என்றாலும் செத்தாள் என்றாலும், கம்பைநல்லூர் வந்து அவள் தாயிடம் சொல்லுங்கள்.