வாவிப் பக்கத்து யன்னல்

வாவிக்கரை முதியோர் இல்லமொன்றில் மருந்து விபரங்களைக் கணினியில் பதிபவள் நான். பிற்பகலில் வாவியின் பளபளப்பு திரையில் விழுந்து கண்ணை உறுத்தியதால், ஒருநாள் யன்னல் சீலையை இழுத்து மூடினேன். வெளியே விறாந்தையில், இல்லத்தில் வசிக்கும் பாக்கியம் அக்கா வழக்கம்போலத் தனியே அமர்ந்திருந்தார்.

வேலை முடிந்து வந்தபோது, அவர் நாற்காலியருகே விழுந்து கிடந்தார். பதறிப்போய்த் தாதியை அழைத்துவந்தேன். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை.

"ஏனக்கா என்னைக் கூப்பிடல்ல?"

"சீலைய மூடிப்போட்டாய். உனக்கும் என்னப் பாத்து அலுத்துப்போச்சாக்கும் எண்டு பேசாமக் கிடந்தன் புள்ள."

இப்போது யன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பியிருக்கிறேன். சீலை திறந்தே இருக்கிறது. கணினித் திரையைப் பார்க்கக் கண்ணும் கூசுவதில்லை. அடிக்கடி எழுத்துகளிலிருந்து கண்ணெடுத்துத் தூரத்து வாவியைப் பார்க்கிறேன். அந்நேரம் அக்கா கையசைப்பார், நானும் அசைப்பேன். வீட்டில் எனக்குக் கையசைக்க யாருமில்லை.