அசிட்டைல்கோலினுக்குப் பயந்த நான்கு நாட்கள்

2006-ல் என் வயிறு எரியத் தொடங்கியது. எட்டு மாதம் யாரிடமும் உள்ளதைச் சொல்லவில்லை. ஜோக் அடித்தே சமாளித்தேன். பனியன் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசருக்கு வயிறு எரியாவிட்டால்தான் அதிசயம் என்பேன். இதே சபையில் அதைக் கேட்டு நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் என் அப்பா தூத்துக்குடியில் வயிற்றுப் புற்றுநோயில்தான் போனார். அதை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

ஒரு நாள் மலம் கறுப்பாகப் போனது. அன்றைக்கு ஜோக் வரவில்லை. மனைவி எஸ்தர் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். துணியில் ஓட்டை இருந்தால் நாங்கள் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். டாக்டருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, வலிக்கும் இடத்தில் ஒன்றை ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். சட்டையைத் தூக்கினேன்.

“ஏனுங்க, நீங்களே ரிஜெக்ட் பண்ணிக் கொண்டாந்துட்டீங்களா?” என்றார் டாக்டர்.

குழாய் விட்டுப் பார்த்தார். புண் இருந்தது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவுக்கு நான்கு நாள்.

பிசாசு அன்றைக்குப் பேப்பர் ரூபத்தில் வந்தான். வெளியே பெஞ்சில் கிடந்த பழைய பேப்பரில் மருத்துவப் பக்கம். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்றொரு ரசாயனம் வயிற்றில் சுரக்கிறதாம். ஆய்வுக்கூடத்தில் அதை வயிற்றுப் புற்றுச் செல்கள் மேல் விட்டால் வேகமாகப் பெருகுகின்றனவாம். மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன். பயம் என்றால் நரம்பு. நரம்பு என்றால் அசிட்டைல்கோலின். ஆகவே பயந்தால் வளரும். வளருமே என்று பயந்தேன். பயந்துவிட்டேனே, வளர்ந்திருக்குமே என்று மறுபடி பயந்தேன்.

பேப்பரோடு உள்ளே ஓடினேன். டாக்டர் பொறுமையாகப் படித்தார். “ஏனுங்க, இது தட்டுல வெச்சு வளர்த்த செல்லுங்க. நரம்பு அந்த ரசாயனத்தை விடறது சோறு செரிக்கறதுக்குங்க. நீங்க பயந்தா ஒடனே கட்டி வளரும்னு இதுல ஆரும் எழுதலீங்க. மொதல்ல உங்களுக்குப் புத்து இருக்குதான்னு பார்க்கோணும்ங்க.”

கேட்டேனா? வீட்டில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, அதை நிறுத்தும்” என்று கதறினேன். எதை என்று பெயர் மறந்துபோனது. பேப்பரை எடுத்து, அவருக்குப் புரியட்டும் என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

மூன்றாம் நாள் எஸ்தர் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள். “ஏசப்பா, இவுகளுக்கு வியாதி இருந்தா சுகம் தாரும். இல்லைன்னா புத்தி தாரும். ரெண்டும் தராம எங்கிட்ட விட்டுறாதேயும்.”

சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. “அப்பா மாதிரி நானும் போயிருவேனோன்னு இருக்கு எஸ்தரு” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இதச் சொல்லாமலா எட்டு மாசமா ஜோக்கடிச்சீக?”

அந்த நிமிடம் எனக்குள் ஒரு சமாதானம் இறங்கியது. புண் வலித்தது. பயமும் முழுசாகப் போகவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை. குழைந்த சோறு ஒரு தட்டு சாப்பிட்டேன்.

மறுநாள் டாக்டர் சொன்னார்: “புத்து இல்லீங்க. கிருமியால வந்த புண்ணுங்க. மாத்திரையிலயே ஆறிரும்.” எஸ்தர் அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னாள்.

புண் ஆறியது. இப்போது எங்கே வலித்தாலும் அன்றைக்கே எஸ்தரிடம் சொல்கிறேன். பாவம், அவள்தான் கேட்டுக் களைத்துவிட்டாள்.

நோவை மறைத்துச் சிரித்துக்கொண்டிருப்பவர் யாராவது இங்கே இருந்தால், உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஜெபித்துவிட்டு டாக்டரிடமும் போங்கள். எனக்கு வேறு முடிவு வந்திருந்தாலும், முடிவுக்கு முந்தின நாள் கிடைத்த அந்தச் சமாதானத்துக்காக உங்கள் முன் நின்று நன்றி சொல்லியிருப்பேன். இவ்வளவு வாயாடியிருப்பேனா என்பது மட்டும் தெரியாது.