வேலியில் மிஞ்சிய வாதுமைக் கிளை

மஹ்லகா அம்மையார் ஈரானின் ஷஹர்கோர்த் நகரிலுள்ள ஆய்வுக்கூடமொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஊழியர். நோயுற்ற மரப்பட்டையிலிருந்து பூஞ்சையைப் பிரித்துக் கண்ணாடித் தட்டுகளில் வளர்ப்பது அவருடைய வேலை. ஈராண்டுகளுக்கு முன் ஒரு வாதுமைக் கிளையில் அவர் பிரித்த பூஞ்சை, இதுவரை பெயர் பெற்ற எதனோடும் ஒத்துப்போகவில்லை. மரபணுச் சோதனையும் அதையே உறுதிசெய்தது. ஆனால் புதிய இனமாகப் பதிவுசெய்ய, வித்துகளோடு கூடிய உலர்ந்த மாதிரி வேண்டும். அலமாரியிலிருந்த கிளையை வண்டு அரித்துவிட்டது. தட்டிலிருந்த பூஞ்சையோ, மாதந்தோறும் இடம் மாற்றப்பட்டு வெறும் வெள்ளை நூலாகி, வித்து ஈனுவதை நிறுத்திவிட்டது. நவ்ரூஸ் புத்தாண்டுக்குள் மாதிரி வராவிட்டால் அந்த ஆய்வுக் கோப்பை மூடப்போவதாக இயக்குநர் கூறிவிட்டார். அதற்குள் மஹ்லகாவின் பணிக்காலமும் முடிந்துவிடும்.

வீங்கிய முழங்காலோடு பேருந்தேறி, அந்தக் கிளையைக் கொடுத்த விவசாயி மஷ்தி கொர்பானின் தோட்டத்துக்குச் சென்றார்.

“வாங்க இன்ஜினியரம்மா.”

“நான் இன்ஜினியர் இல்லன்னு எத்தனை தடவ சொல்றது, மஷ்தி? அந்தச் சீக்கு மரம் எங்க?”

“எரிச்சாச்சு. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

கொர்பான் எடுத்துவந்த தாளில் இருந்தது மஹ்லகாவின் கையெழுத்தே: நோயுற்ற கிளைகளை ஒன்று விடாமல் எரிக்கவும். மஹ்லகா மண்சுவரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

தேநீர் கொண்டுவந்த கொர்பானின் மனைவி கொலாபெதூன், “ஒண்ணு விடாமயா? இந்த மனுஷன் பேச்ச நம்பாதீங்கம்மா. ஆட்டுக்கு வேலி எதுல கட்டினாராம்?” என்றாள்.

கொர்பான் தம் செருப்பைப் பார்த்தார். “நல்ல கெட்டியான கிளை. எரிக்க மனசு வரல.”

வேலியின் சாம்பல்நிறப் பட்டையில் கரும்பருக்கள் அடர்ந்திருந்தன. மஹ்லகா ஒன்றைக் கீறி உருப்பெருக்கியில் பார்த்தார். வித்துப்பைகள்தான். ஒரு சாண் நீளம் அறுத்துச் செய்தித்தாளில் சுற்றினார். நிமிர்ந்தபோதுதான், வேலியை ஒட்டி நின்ற மூன்று இளமரங்களிலும் அதே நோயின் பிசின் வடிவதைக் கண்டார். மகிழ்ச்சி வந்த வழியே திரும்பிப்போயிற்று.

“அந்த மூணையும் வெட்டணும், மஷ்தி. வேலியையும் சேத்து, இந்தத் தடவ நெஜமாவே எரிங்க.”

“எரிச்சப்புறம் மறுபடி வந்து கேட்டீங்கன்னா?”

“கேக்க மாட்டேன்.”

கொர்பான் கோடரியை எடுத்தார். மஹ்லகா மூன்று மணிப் பேருந்தை விட்டுவிட்டு, கடைசிக் கிளை கனலாகும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார். தீப்பொறி பறந்துவந்தபோதெல்லாம், மடியிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தை மட்டும் சற்றே தள்ளி வைத்துக்கொண்டார்.