செல்வி வாங்கித் தந்த வண்டி

சாயர்புரம் நேசக்குமார் இருபது வருஷத்துக்கு மேலாக அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். தூத்துக்குடியில் மீன் வியாபாரம் செய்யும் மனுவேல் அண்ணாச்சியிடம் லோடு டிரைவர் வேலை. விடிந்ததும் அண்ணாச்சி வீட்டு முன்னறையில் ஆணியில் தொங்கும் சாவியை எடுப்பார். திரேஸ்புரம் கடற்கரைக்குப் போய் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்கோ நாகர்கோவிலுக்கோ கிளம்புவார். திரும்பி வந்ததும் வண்டியைக் கழுவி நிறுத்தி, சாவியை அதே ஆணியில் மாட்டிவிட்டு, பஸ் பிடித்து வீடு சேருவார். அண்ணாச்சி தங்கமான மனுஷர். பம்பரில் கீறல் விழுந்தால்கூட முகம் சுளிக்க மாட்டார். ஆனாலும் அந்த ஆணிக்கு முன்னால் நிற்கும்போது நேசக்குமாரின் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

டீக்கடையில் நின்றால் எதிரே நிற்கும் பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கையில் டீ ஆறிப்போகும். "வெள்ளைக் கலர். பின்னால தொட்டி நல்லா நீளமா இருக்கணும். டீசல் வண்டிதான், அதுதான் லோடு இழுக்கும்" என்று வீட்டில் சொல்லுவார். அவர் மனைவி ஜெபசெல்வி அதைக் கேட்டுக்கொண்டே மீன் கழுவுவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஆஸ்பத்திரி, உபவாச ஜெபம் என்று கொஞ்ச காலம் அலைந்தார்கள். பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். அது விட்டுப்போன இடத்தில் வண்டிப் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் செல்விதான் ஆரம்பித்தாள்.

"எத்தன காலத்துக்கு ஊரான் ஆணியில சாவிய மாட்டிட்டு வருவிய? நாசரேத்துல எங்க சித்தி மவ குவைத்துல இருக்கால்லா, வயசானவங்களப் பாத்துக்கிடுத வேலை. என்னையும் வரச் சொல்லுதா."

"நீ போய்த்தான் எனக்கு வண்டி வரணுமாக்கும்? வேண்டாம்ளா."

"ரெண்டே வருஷம். கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்."

அவள் போனது கொரோனாவுக்கு முந்தின வருஷம். இரண்டு வருஷம் அவள் சொன்னமாதிரி ஓடவில்லை. விமானங்கள் நின்றன. லீவு தள்ளிப்போனது. அவள் பார்த்துக்கொண்ட கிழவிக்கு வேறு ஆளே ஒத்துவரவில்லை. வாரத்தில் ஒருநாள், கிழவி தூங்கும் நேரத்தில் செல்வி போன் பண்ணுவாள். "இங்க என் பேரு என்ன தெரியுமா? செல்ஃபி. அவங்க வாயில செல்வி வர மாட்டேங்கு" என்று சிரிப்பாள். சிரித்து முடிந்ததும் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. "சாப்டியளா?" "சாப்ட்டேன். நீ?" அவ்வளவுதான். போனை வைத்த பிறகு நேசக்குமாருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும்.

செல்வி அனுப்பிய பணத்தில் வண்டி எடுக்கிற நாள் வந்தது. ஷோரூமில் புதுவண்டிக்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைக் கலர், நீளத் தொட்டி, அவர் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்ததுமாதிரி இருந்தது. சரண்யாதேவி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஒரு பெண், ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த சாவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"போட்டோ எடுக்கணும் சார். பேமிலி வரலியா?"

"வந்துக்கிட்டு இருக்கு" என்றார் நேசக்குமார்.

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்தும் இருந்தாள். பிறகு அவளுக்கே ஏதோ புரிந்ததுபோல, அட்டைச் சாவியின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். அந்தப் படத்தை நேசக்குமார் செல்விக்கு அனுப்பினார். "பக்கத்துல நிக்கிற பிள்ள யாரு?" என்று கேட்டு அவள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஊர்ச் சபையின் சேகர குருவானவர் கோயில் வாசலில் வைத்து வண்டிக்கு ஜெபம் பண்ணினார். முன்கண்ணாடிக்கு மேலே பெயர் எழுத வந்த பெயிண்டர், "பிள்ளைங்க பேரு சொல்லுங்கண்ணே" என்றான். "செல்வின்னு எழுது" என்றார். மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கடைசியாக மாட்டினார். "இனிம லோடுக்கு ஓனராட்டம் வால" என்று அண்ணாச்சி தோளில் தட்டினார். முதல் லோடும் அவரே தந்தார்.

சொந்த வண்டியின் சுகத்தை நேசக்குமார் அணு அணுவாக அனுபவித்தார். முள்ளக்காடு தாண்டி உப்பளங்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும் இடத்தில், லோடு இல்லாத நாளில் கொஞ்சம் மிதிப்பார். இன்ஜின் சத்தம் அடிவயிற்றில் வந்து இறங்கும். சாயங்காலம் வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு, இறங்க மனமில்லாமல் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். இடப்பக்கத்து சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் அவர் கழற்றவில்லை. லோடுமேன்கள் ஏறி உட்கார்ந்தால் அது கரகரவென்று சத்தம் போடும். "கிழிச்சுப் போடுங்கண்ணே, வேர்க்குது" என்பார்கள். "அதக் கிழிக்க ஆளு வருது" என்பார். ஒரு வெயில்காலம் போய் மழைக்காலம் போய், மறு வெயில்காலமும் வந்தது.

ஒருவழியாகச் செல்வி லீவில் வந்தாள். இரண்டு மாத லீவு. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். கார்களுக்கு நடுவே மீன் வாடையோடு ஒரு பிக்கப் நிற்பதைக் காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்த செல்வி மெலிந்திருந்தாள். முன்நெற்றியில் நரை. முதலில் அவரைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே இருந்த தன் பெயரை வாய்க்குள் வாசித்தாள். ஏறி உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் சத்தம் போட்டது. "என்னங்க இது, இன்னும் கழட்டலயா?" என்று நகத்தால் கீறி இழுத்தாள். முழுதும் கிழிந்து வந்த உறையைச் சுருட்டி, களியக்காவிளை வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நானும் லோடுக்கு வாரேன்" என்று கிளம்பிவிட்டாள். திரேஸ்புரத்தில் சீலாவும் விளமீனும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூருக்குப் புறப்பட்டார்கள். அவள் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். "அங்கனயும் அடுக்களை ஜன்னல்ல நின்னா கடல் தெரியும். ஆனா ஒரு வாடையும் வராது. கண்ணாடியத் தொறக்கவே முடியாது" என்றாள்.

பழையகாயலுக்கு முன்னால், இரண்டு பக்கமும் உப்பளமாக விரிந்த இடத்தில் வண்டி இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றே போனது. சாவியைத் திருப்பித் திருப்பிப் போட்டும் இன்ஜின் பிடிக்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் போட்டால், "டீசல்ல தண்ணி இருக்கும்ணே. கையில ஒரு வேல இருக்கு, முடிச்சிட்டு வாரேன்" என்றான். வெயிலில் ஐஸ் உருகத் தொடங்கியது. நேசக்குமாருக்குப் பதறியது. தன்னைப்போல் லோடு ஓட்டும் டிரைவர் ஆன்றோவைக் கூப்பிட்டார். ஆன்றோ வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தவன், வந்து பெட்டிகளைத் தன் தொட்டிக்கு மாற்றினான். செல்வியும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தாள். "மைனி, குவைத் சம்பளத்துக்கு இங்க கூலி கெடைக்காது" என்று கேலி பண்ணிவிட்டு அவன் போனான்.

அதன்பிறகு அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வெறும் தொட்டியில் தார்ப்பாய் நிழலில் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. காற்று நின்று நின்று அடித்தது. அவள் கொண்டுவந்திருந்த இட்லியைப் பிரித்தாள். வருஷக்கணக்காகப் போனில் வராத பேச்சு அங்கே தானாக வந்தது. யார் செத்தார்கள், யார் வீட்டில் சண்டை, கிழவி பல் செட்டை எங்கே ஒளித்துவைப்பாள் என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். மெக்கானிக் இப்போதைக்கு வந்துவிடக் கூடாது என்று நேசக்குமார் நினைத்தார். பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு நிற்கும் வண்டியின் மேல் உட்கார்ந்து அப்படி நினைத்ததில் அவருக்கே வெட்கமாக இருந்தது.

செல்வி உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் திரும்பிப் போகாம இருந்துட்டா என்ன?"

 இத்தனை வருஷமாக அவர் அவள் வாயால் கேட்க நினைத்த சொல் இதுதான். ஆனால் அவள் உண்மையாகவே கேட்கிறாளா, இட்லி தின்ற சுகத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறாளா? தான் 'இரு' என்று சொல்லி, நாளைக்கு அவள் மனசு மாறினால்? அவளே 'நான் போகல' என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளும் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மெக்கானிக்கின் பைக் வந்து நின்றது.

"டேங்கக் கழுவணும்ணே. ஃபில்டரையும் மாத்திருவோம்."

இருவரும் இறங்கினார்கள்.

மீதி லீவில் அந்தப் பேச்சு திரும்ப வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கல்யாணம், நாசரேத்தில் ஓர் அடக்கம் என்று எல்லா இடத்துக்கும் வண்டியிலேயே போனார்கள். இரவில் விளக்கை அணைத்த பிறகு அவர் பலமுறை பேச வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பெட்டி கட்டும்போது அவள் ஒவ்வொரு புடவையாக மெதுவாக மடித்தாள், யாரோ தடுக்க வருவதற்கு நேரம் கொடுப்பதுபோல. விமான நிலைய வாசலில் அவர் கடைசியாகச் சொன்னது, "தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டியா?" என்பதுதான்.

வெறும் வண்டி ரொம்பச் சத்தம் போடும். தொட்டியின் கொக்கிகள் ஊர் வரை கடகடவென்று அடித்துக்கொண்டே வந்தன. நாகர்கோவிலில் ரிட்டர்ன் லோடு இருக்கிறது என்று ஒருவர் கூப்பிட்டும் அவர் நிறுத்தவில்லை.

அடுத்த போனில் அவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஏளா, அன்னைக்கு உப்பளத்துல ஒண்ணு கேட்டியே. வந்துரு. வண்டி எப்பிடியும் ஓடும். நீ வந்துரு."



"அன்னைக்கே சொல்லிருந்தா பெட்டியக் கட்டிருக்கவே மாட்டேன்லா" என்றாள் செல்வி. "இப்பம் இந்தக் கிழவி விழுந்து இடுப்பு ஒடஞ்சு கெடக்கு. என்னத் தவிர யாரையும் தொட விட மாட்டேங்கு. எந்திரிச்சி நடக்கட்டும். விட்டுட்டு வர மனசு கேக்கலங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. அந்தக் கிழவியின் மேல்கூட வரவில்லை.

இப்போது கிழவி படுத்தே கிடப்பதால் செல்விக்குப் பகலிலும் பேச முடிகிறது. வெள்ளிக்கிழமை லோடு ஏற்றியதும் அவள் வீடியோ காலில் கூப்பிடுவாள். "போன முன்னால மாட்டுங்க, ரோட்டப் பாக்கணும்" என்பாள். அவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள பிடியில் போனை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு ஓட்டுவார். முள்ளக்காடு, பழையகாயல் என்று அவள் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வருவாள். முக்காணி நெருங்கும்போது டவர் சரியாகக் கிடைக்காது.

போன வாரமும் அங்கே படம் உறைந்து நின்றது.

"ஒண்ணும் தெரியலங்க. சத்தம் மட்டும் கேக்கு. கட் பண்ணிராதீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் கேட்டுக்கிட்டு வாரேன்."

நேசக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டார். கியரைக் குறைத்து, வண்டியை மெதுவாக்கினார்.

"ஆத்துப் பாலம் வருதுளா. தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போவுது. ஒருத்தன் எரும மாட்டக் குளிப்பாட்டுதான். எரும அசைய மாட்டேங்கு. பின்னால பஸ்காரன் ஹாரன் அடிக்கான், அடிக்கட்டும்…"