கடிகையைத் தேடிப் போன ரயிலில் சித்தப்பாவின் கிணற்று நிலம்

காஞ்சிபுரத்துக்கு ரயிலில் போக முடியுமா என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியும். நான் முதன்முதலில் அப்படித்தான் போனேன். 1991, பொங்கல் முடிந்த வாரம். வரலாற்றில் பி.ஏ. முடித்துவிட்டு தாம்பரத்தில் வீட்டோடு இருந்தேன். பல்லவர் காலத்தில் காஞ்சியில் கடிகை என்று ஒரு பெரிய கல்விச்சாலை இருந்தது, வடமொழியும் தமிழும் அருகருகே புழங்கிய ஊர் அது என்று படித்ததிலிருந்து அந்த இடத்தைப் பார்க்க ஆசை. தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. ஒரகடம் பக்கத்துக் கிராமத்தில் இருந்த சித்தப்பாவுக்குக் காஞ்சிபுரத்தில் நில அலுவலகத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பஸ்ஸில் போவதுதான் சுருக்கு. சித்தப்பாவுக்குப் பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். அதனால் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை சைக்கிளில் வந்து, நான் வந்த பாசஞ்சரிலேயே ஏறிக்கொண்டார். செங்கல்பட்டில் இறங்கி அரக்கோணம் வண்டிக்கு மாறினோம். அங்கிருந்து காஞ்சிபுரம் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். இடப்பக்கம் உட்கார்ந்தால் பாலாறு தெரியும், மணலாக.

போகிற வழியில்தான் என்ன வேலை என்று சொன்னார். ஒரு தொழிற்சாலைக்காக ஊரில் நிலம் எடுக்கப்போகிறார்களாம். அவருடைய கிணற்று நிலமும் அதில் வருகிறது என்று தலையாரி சொல்லியிருக்கிறார். அந்தக் கிணறு சித்தப்பாவும் சித்தியும் மூன்று கோடையில் வெட்டியது. அது போனால் மிச்ச நிலம் மானாவாரிதான். ஆட்சேபணை கொடுக்க வேண்டும்.

அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் வரச் சொன்னார்கள். அதற்குள் கடிகையைத் தேடினோம். ரிக்ஷாக்காரர் முதலில் ஒரு வேத பாடசாலையில் இறக்கினார். அங்கே இருந்தவர் ஒரு கல்லூரிக்கு வழி சொன்னார். கல்லூரி வாட்ச்மேன் ஏகாம்பரநாதர் கோயிலைக் காட்டினார். பெரிய காஞ்சியா, சின்ன காஞ்சியா என்பதிலேயே ஆளுக்கொரு அபிப்பிராயம். ரிக்ஷாவுக்குப் பதினைந்து ரூபாய் போனதுதான் மிச்சம். கடைசியில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுற்று மண்டபத்தில், பல்லவ ராஜாக்களின் கதையைச் செதுக்கிய சுவரில், ராஜாவைத் தேர்ந்தெடுத்தவர்களில் கடிகையாரும் உண்டு என்பதற்கான எழுத்து மட்டும் இருந்தது. கட்டடம் எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது.

மண்டப நிழலில் உட்கார்ந்து, படித்ததைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அந்தக் காலத்துச் செப்பேடுகளில் ராஜாவின் பெருமை வடமொழியில் இருக்கும், நிலத்தின் எல்லை தமிழில் இருக்கும். பெண் யானையை நடக்கவிட்டு எல்லை காட்டுவார்கள்.

“யானை நடந்தா ஒத்துக்குவாங்களா?” என்றார். “நான் இருவது வருஷமா நடந்துகினுதான் கீறேன் பாப்பா. யானைன்னா மரியாத.”

மதியம் அலுவலகத்தில் குமாஸ்தா பொறுமையாகவே எடுத்துப் பார்த்தார். கிணறு இருக்கும் நிலத்தின் பட்டா என் அப்பா பெயரில் இருந்தது. சித்தப்பா பெயரில் இருந்தது ஏரியோரத்துத் துண்டு. அதை யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கிணறு வெட்டிய நிலம் பாகம் பிரித்தபோது அப்பாவுக்கு வந்தது. அப்பா தாம்பரத்துக்கு வேலைக்கு வந்ததும், வாயால் பேசி மாற்றிக்கொண்டார்கள். ஏரியோரத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள், அந்த நெல் அப்பாவுக்கு வரும். எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்குள் அப்படித்தான். எழுதிக் கொடு என்று கேட்டால் அது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி.

“உங்க அண்ணன் கையெழுத்து போட்டாதான் பெரியவரே ஆட்சேபணை. நாளைக்குள்ள வரணும்,” என்றார் குமாஸ்தா.

ஊர் நிலத்தை யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு மாடி கட்டலாம் என்று அப்பா ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தத் துண்டைச் சொன்னார் என்று நான் கேட்டதில்லை. இப்போது நான் யார் பக்கம்? சித்தப்பாவிடம் அதைச் சொல்ல வேண்டுமா, சொல்வது கோள் மூட்டுவதா? இட்லிக்கடையில் எதிரே உட்கார்ந்து சாம்பாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்கு: இப்போது அகலப்பாதை, மின்சார ரயில், செங்கல்பட்டில் மாறாமலே போகும் வண்டிகளும் உண்டு. நாளைக்குச் சிலதான், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கோயில்களை நண்பகலில் சாத்திவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். கடிகையைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பாதீர்கள். அது இருந்த ஊரில் ஒருநாள் அலைந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புங்கள், ஏமாற்றம் இருக்காது.

திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் வண்டி நின்றது. சித்தப்பா எழவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறதே என்றேன்.

“நிக்கட்டும். அண்ணன் வூட்ல சாப்ட்டு நாளாச்சி.”

வீட்டில் அப்பா நாற்காலியில் இருந்தார். சித்தப்பா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன், திக்கித்திணறி. அப்பா என்னைப் பார்க்காமல் சித்தப்பாவிடம் கேட்டார்.

“கெணத்துல தண்ணி எவ்ளோடா கீது?”

“ரெண்டு ஆளு மட்டம்ண்ணே. சித்திரையிலயும் வத்தல.”

ஆட்சேபணை எழுத அப்பா என்னைப் பேப்பர் எடுத்துவரச் சொன்னார். “என் பேர்ல கீற நெலம்தான், ஆனா கெணறு வெட்னவன், பயிர் வெக்கிறவன் எந்தம்பின்னு எழுது. கீழ நான் போடறேன்.”

“அதெல்லாம் எதுக்குண்ணே எழுதிக்கினு,” என்றார் சித்தப்பா. அவர் முகம் சுருங்கிவிட்டது. அவமானமா, நிம்மதியா, எனக்குப் புரியவில்லை.

“நீ எழுதும்மா,” என்றார் அப்பா.