அகல டயரும் ஒரு பொய்யும்

1969-இல், பார்வைக்குக் கம்பீரமாக இருக்கட்டுமென்று, என் பழைய காருக்குக் கையேட்டில் சொன்னதைவிட அகலமான டயர்களை வாங்கினேன். தாம்பரம் மெக்கானிக் தடுத்தார்.

"வேணா சார். நாலு பேர் குந்திகினு ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா மட்கார்டுல மாட்டிக்கும்."

"நீ மாட்டுப்பா," என்றேன்.

அடுத்த வாரம் நிறைமாத மனைவியையும் அவள் பெற்றோரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றேன். பீர்க்கன்கரணை திருப்பத்தில் டயர் மட்கார்டில் சிக்கி, ஸ்டியரிங் அசையவில்லை. எதிரே வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

"ரோடு இன்னா உன் வூட்டு வாசலா?" என்று கத்தினார் டிரைவர்.

மாமனாரும் மாமியாரும் இறங்கியதும் டயர் விடுபட்டது.

"என்ன ஆச்சு மாப்பிள்ளை?"

"ரோடு சரியில்ல மாமா."

டைரியிலும் அப்படியே எழுதினேன். அன்று பிறந்த மகள் இப்போது அதைப் படிக்கக் கேட்கிறாள். 'ரோடு' என்பதை அடித்துவிட்டு, 'நான்' என்று எழுதிக் கொடுத்தேன்.